வரலாற்றுப் புவியியலில் ஆய்வாளராகவும் ஆசிரியராகவும் வர விரும்புகிறவருக்கு

கல்லூரிகளும் பல்கலைக்கழகங்களும் வெளியிடும் பணி அறிவிப்புகளில் வரலாற்றுப் புவியியலுக்கோ பண்பாட்டுப் புவியியலுக்கோ தனியே ஆள் கேட்பதை நம் நாட்டில் அரிதாகவே காணலாம். பணியிடம் புவியியலுக்கு உரியது. அதற்குள் இந்த ஆய்வை வளர்த்துக்கொள்வது அவரவர் முயற்சி. ஆகவே இத்துறைக்கு வருகிறவர், எந்தப் புவியியல் துறையும் ஏற்கும் தகுதிகளைப் பெறுவதோடு, ஒரு குறிப்பிட்ட நிலப்பகுதியின் பழைய ஆவணங்களைப் பிறர் நம்பி நாடும் அளவுக்குப் படிக்கவும் கற்றாக வேண்டும். முன்னதற்கு விதிகள் உள்ளன. பின்னதற்குப் பாடத்திட்டம் இல்லை என்பதால் அதைப் பற்றியே இங்கு அதிகம் எழுதுகிறேன்.

விதிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். உதவிப் பேராசிரியர் பணிக்கு முதுகலையில் 55 விழுக்காடு மதிப்பெண்ணும் (இட ஒதுக்கீட்டுப் பிரிவினருக்குத் தளர்வு உண்டு), நெட் (தேசியத் தகுதித் தேர்வு) அல்லது செட் (மாநிலத் தகுதித் தேர்வு) தேர்ச்சியும் அடிப்படை. நெட் தேர்வின் புவியியல் தாளில் உள்ள பத்து அலகுகளில் பண்பாட்டு, சமூக, அரசியல் புவியியல் ஒன்றே ஒன்று. மற்றவற்றில் நிலவடிவங்களும் காலநிலையும் பேராழியும் காத்திருக்கின்றன. அவற்றை ஒதுக்கிவிட்டுத் தேற முடியாது, ஒதுக்கவும் கூடாது. ஆறு ஏன் தடம் மாறியது என்று அறியாதவர் ஆற்றங்கரை ஊரின் வரலாற்றை எழுத இயலாது. முனைவர் பட்ட ஆய்வுக்குக் குறைந்தது மூன்று ஆண்டுகளும் பொதுவாக அதிக அளவாக ஆறு ஆண்டுகளும் வரையறுக்கப்பட்டுள்ளன. நெட் தேர்வில் முன்னணியில் வந்து இளநிலை ஆய்வு உதவித்தொகை பெற முடிந்தால் ஆவணக் காப்பகங்களில் மாதக்கணக்கில் உட்காரும் வசதி கிடைக்கும். இந்த ஆய்வுக்கு அதைவிடப் பெரிய உதவி இல்லை.

ஆய்வுத் தலைப்பைத் தேடுகிற மாணவர் பெரும்பாலும் கோட்பாட்டிலிருந்து தொடங்குகிறார். நிலத்திலிருந்து தொடங்குங்கள் என்பதே என் உறுதியான பரிந்துரை. காஞ்சிபுரம் மாவட்டத்து உத்திரமேரூரை எடுத்துக்கொள்வோம். அங்குள்ள முதலாம் பராந்தகன் காலக் கல்வெட்டுகளைக் குடவோலை முறைக்காகவே அனைவரும் அறிவர். ஆனால் அவை ஏரி வாரியம், தோட்ட வாரியம் என்ற ஊர்க் குழுக்களையும் குறிப்பிடுகின்றன என்பது புவியியலாளர் நின்று படிக்க வேண்டிய இடம். அவ்வூர்க் கல்வெட்டுகளில் வரும் வயிரமேகத் தடாகம் என்ற ஏரி பல்லவர் காலத்தது. அதன் பின் பல நூற்றாண்டுகள் கடந்து, 1767 முதல் 1774 வரை ஆங்கிலேய அளவையாளர் தாமஸ் பர்னார்டு செங்கல்பட்டு ஜாகீரின் (நவாபிடமிருந்து கிழக்கிந்தியக் கம்பெனிக்குக் கிடைத்த நிலப்பகுதி) ஏறத்தாழ இரண்டாயிரம் ஊர்களை அளந்து எழுதிவைத்த பதிவுகள் கிடைக்கின்றன. அடுத்து வருவாய்த்துறையின் நில அளவைப் பதிவேடுகள், ஓரங்குலத்துக்கு ஒரு மைல் அளவிலான நிலப்படங்கள், இன்றைய செயற்கைக்கோள் படங்கள். ஒரு வட்டாரத்து ஏரியையும் அதன் ஆயக்கட்டையும் (அது பாயும் வயல்பரப்பையும்) இவ்வளவு நீண்ட காலத்துக்குத் தொடர முடியும் என்பதே ஓர் ஆய்வேட்டுக்குப் போதிய பொருள். கல்வெட்டுகளில் வரும் ஊர்ப்பெயர்களை இன்றைய ஊர்களோடு ஒப்பிட்டுச் சோழநாட்டின் பழைய நாட்டுப் பிரிவுகளைப் பேராசிரியர் சுப்பராயலு வரைபடமாக்கியது இத்தகைய பொறுமையினால்தான்.

சென்னை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்துக்குப் போகுமுன் சில அளவைகளும் கணக்குகளும் கைவசம் இருக்க வேண்டும். வருவாய்க் கணக்குக்குரிய பசலி ஆண்டோடு 590 கூட்டினால் அது தொடங்கும் ஆங்கில ஆண்டு வரும். பசலி 1210 என்பது 1800 ஜூலையில் தொடங்குவதாகக் கொள்ளலாம். பழைய நில அளவைகளில் சென்னைப் பகுதிக் காணி சுமார் 1.32 ஏக்கர், தஞ்சை வேலி சுமார் 6.6 ஏக்கர். ஆனால் அளவுகோல் ஊருக்கு ஊர் மாறியதால், அந்தந்த ஆவணம் எந்தக் கோலைக் கொண்டு அளந்தது என்பதைக் குறித்துக்கொள்ளாமல் பரப்பளவுகளை ஒப்பிடக் கூடாது. தஞ்சை மராட்டியர் காலத்தை எடுப்பவர் மராத்தி ஆவணங்கள் எழுதப்பட்ட மோடி எழுத்தைக் கற்க வேண்டியிருக்கும். அதற்கு ஓராண்டு போனாலும் அது வீண் போன ஆண்டல்ல.

பழைய நிலப்படத்தை இன்றைய ஆள்கூறுகளோடு பொருத்தும் வேலைக்குக் கியூஜிஐஎஸ் என்ற இலவச மென்பொருள் போதும். பொருத்துப் புள்ளிகளாகக் கோயில் கோபுரம், குன்றின் உச்சி, பழைய கலிங்கு (ஏரியின் மிகைநீர் வழியும் கட்டுமானம்) போன்ற இடம் பெயராதவற்றைத் தேர்ந்தெடுங்கள். ஆற்றுக்கரையையோ சாலை வளைவையோ நம்பினால் படம் முழுவதும் இழுபட்டுவிடும். பொருத்தத்தில் எஞ்சும் பிழை எத்தனை மீட்டர் என்பதைப் படத்தின் கீழேயே எழுதுவது நேர்மை. இந்தத் தொழில்நுட்பத் திறன் வேலைவாய்ப்புக்கும் துணை நிற்கும், ஏனெனில் புவித்தகவல் முறைமையைக் கற்பிக்க ஆள் தேடும் துறைகள் பல.

ஆவணம் யாருக்காக எழுதப்பட்டது என்ற கேள்வியை ஒருநாளும் கைவிடலாகாது. வரி வசூலுக்காக அளந்தவர்கள் விளைநிலத்தைக் கூர்ந்து பார்த்தார்கள். மேய்ச்சல் நிலத்தையும் சேரி மக்கள் புழங்கிய வழிகளையும் பெரும்பாலும் ‘தரிசு’, ‘புறம்போக்கு’ என்ற சொற்களுக்குள் அடைத்தார்கள். அந்த விடுபடல்களை நிரப்பக் களத்துக்குப் போக வேண்டும். ஏரி மடை திறந்து நீர் பங்கிடும் நீர்க்கட்டியிடமும் ஆடு மேய்க்கும் முதியவரிடமும் வயல்களின் பெயர்களைக் கேட்க வேண்டும். பண்பாட்டுப் புவியியல் என்று நாம் சொல்வது அங்கேதான் தொடங்குகிறது. திணைக் கோட்பாட்டை ஆர்வத்தோடு கொண்டுவரும் மாணவர்களுக்கு ஓர் எச்சரிக்கையும் உண்டு: தொல்காப்பியம் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்கிறது, ஆயினும் அது கவிதைக்கான இலக்கணம், ஐந்திணையை அப்படியே மாவட்ட நிலப்படத்தின் மேல் விரிப்பது இரண்டுக்கும் தீங்கு செய்யும்.

நெறியாளரைத் தேர்ந்தெடுக்கும்போது அவருடைய புகழைக் காட்டிலும், அவருடைய மாணவர்கள் ஆவணங்களைக் கையாண்டிருக்கிறார்களா என்பதைப் பாருங்கள். புவியியல் துறையில் அத்தகையவர் கிடைக்காவிட்டால் வரலாறு அல்லது கல்வெட்டியல் துறையிலிருந்து இணை நெறியாளரை அமர்த்திக்கொள்ள இயலுமா என்று பதிவுக்கு முன்பே கேட்டுவிடுங்கள். புதுச்சேரியில் 1955இல் தொடங்கிய பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், தென்னிந்திய வரலாற்று நிலப்படத் தொகுதிக்காக உழைத்த இடம் என்பதால், அங்கு சில வாரங்கள் தங்கிப் படிப்பது நல்லது. முதல் கட்டுரையை, 1926இல் சென்னையில் தோன்றிய புவியியல் கழகத்தின் ஆய்விதழ் போன்ற ஒன்றுக்கு அனுப்பலாம். அதில் மொத்த ஆய்வேட்டையும் திணிக்க வேண்டாம். ஓர் ஏரி, ஒரு பதிவேடு, இரண்டு நிலப்படங்கள் போதும். நேர்காணலுக்குப் போகும் நாளில் அந்த நிலப்படங்களின் தெளிவான அச்சுப்படியையும், ஒரு பருவத்துக்கு நீங்கள் நடத்தக்கூடிய பாடத்தின் வரைவையும், அதில் மாணவர்களை அழைத்துச் செல்லப்போகும் ஊரின் பெயரையும் கையில் வைத்திருங்கள்.