சிலிக்கோன் கலவையில் குமிழித் தொல்லை தீர்ந்தது இப்படித்தான்

மோல்டு (அச்சு) செய்ய ஊற்றும் சிலிக்கோன் ரப்பரில் எனக்கிருந்த குமிழித் தொல்லை தீர்ந்தது, கலக்கும் வேலையையே வெற்றிடத்துக்குள் கொண்டுபோன பிறகுதான். வெளியே கலக்கிவிட்டு அப்புறம் வாக்குவம் சேம்பரில் (பம்பால் காற்றை உறிஞ்சி எடுக்கும் மூடிய பெட்டியில்) வைத்தால் மேலே உள்ள காற்று போய்விடும், அடியில் கெட்டியாகக் கிடப்பதில் சிக்கிய பொடிக் குமிழிகள் லேசில் அசையாது. உள்ளேயே துடுப்பு மெதுவாகச் சுற்றினால் அடியில் இருப்பது மேலே வந்துகொண்டே இருக்கும், புதுக் காற்றும் கலக்காது.

அழுத்தத்தை 1000 மில்லிபாரிலிருந்து 50-க்கு இறக்கினால் ஒவ்வொரு குமிழியும் ஏறக்குறைய 20 மடங்கு பெருக்கும், பெரிய குமிழி வேகமாக ஏறி உடையும். அதனால்தான் கலவை பால் பொங்குவதுபோல மூன்று நான்கு மடங்கு எழும்புகிறது, பாத்திரத்தில் கால்வாசிக்கு மேல் ஊற்றவே கூடாது. விளிம்பைத் தொடப்போகிறதா, வால்வைக் கொஞ்சம் திறந்தால் சட்டென்று அமுங்கும், மறுபடி இழுக்கலாம். பொங்கி இறங்கிய பிறகும் ஓரிரு நிமிடம் பம்பை ஓடவிடுகிறேன், அதில்தான் தெளிவு வருகிறது.

கலவை இறுகத் தொடங்கும் முன் இதெல்லாம் முடிய வேண்டும். பாலியஸ்டர் ரெசினுக்கு மட்டும் வெற்றிடத்தை இதைவிட மிக ஆழமாக்க வேண்டாம், அதிலுள்ள ஸ்டைரீன் என்ற எளிதில் ஆவியாகும் திரவம் கொதித்து அதுவே புதுக் குமிழியாகிவிடும். சரி, ஊற்றும்போது மோல்டின் தாழ்ந்த மூலையில் மெல்லிய இழையாக ஊற்றுங்கள், தானாகப் பரவட்டும்.