மலிவான கருமருந்து: பீரங்கி ஆர்வலர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சிங்கப்பூரின் சிலோசோ கோட்டையிலுள்ள பீரங்கிகளைப் பார்த்து வளர்ந்து, பின்னர் அமெரிக்காவில் படிக்கவோ பணியாற்றவோ சென்று, அங்குள்ள பீரங்கிக் குழுக்களில் சேர்கிற நம்மவர்கள் சிலர், கரி, கந்தகம், வெடியுப்பு மூன்றும் சேர்ந்த கருமருந்தை எங்கே மலிவாக வாங்கலாம் என்று கேட்கிறார்கள். ராணுவக் கழிவாகவோ, மூடிய கிடங்கின் மிச்சமாகவோ பாதி விலைக்குக் கிடைக்கும் மருந்தைத் தேடுவதே தவறான தொடக்கம் என்பது என் உறுதியான கருத்து.

முதலில் சிங்கப்பூரைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். பட்டாசு வெடிப்பதற்கே 1972இல் முழுத் தடை விதித்த நாடு இது. உரிமமின்றி வெடிமருந்து வைத்திருப்பது இங்கே கடுமையான குற்றம்; 'கொஞ்சம்தானே, பொழுதுபோக்குக்குத்தானே' என்ற சமாதானம் சட்டத்தின் முன் நிற்காது. ஆகவே இங்கிருந்து ஆள் வைத்து வாங்குவதையோ, அஞ்சலில் வரவழைப்பதையோ, பயணப் பெட்டியில் ஒரு சிட்டிகை கொண்டுவருவதையோ நினைத்தும் பார்க்க வேண்டாம். பீரங்கி சுட்ட நாளில் அணிந்த உடையையும் கையுறையையும்கூடத் துவைக்காமல் பெட்டியில் வைக்காதீர்கள். விமான நிலையச் சோதனையில் மருந்தின் தடயம் தென்படக்கூடும்.

அமெரிக்காவின் நிலை வேறு. பழங்காலத் துப்பாக்கிகளிலும் பீரங்கிகளிலும் விளையாட்டாகச் சுடுவதற்கு, ஆலையில் தயாரான கருமருந்தை 50 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 22.7 கிலோ வரை வைத்திருக்க அந்நாட்டின் கூட்டாட்சிச் சட்டம் விலக்கு அளிக்கிறது. அதை மட்டும் படித்துவிட்டு, மாநிலத்துக்கும் ஊருக்கும் உரிய தீயணைப்பு, சேமிப்பு விதிகளைப் பாராமல் விடுவது பலர் செய்யும் தவறு.

எல்லாவற்றிலும் கொடிய தவறு, கறுப்பாக இருப்பதெல்லாம் கருமருந்து என்று நம்புவதுதான். இக்காலத் துப்பாக்கித் தோட்டாக்களில் இடும் புகையற்ற வெடிமருந்தின் மணிகளிலும் காரீயகம் (கிராஃபைட்) பூசப்பட்டிருப்பதுண்டு என்பதால், பெயர்ச்சீட்டு இல்லாத டப்பாவில் கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலவே தோன்றலாம். ஆனால், அடைபட்ட குழாயில் அழுத்தம் ஏற ஏறப் புகையற்ற மருந்து மேலும் மேலும் விரைந்து எரிந்து, கருமருந்துக்கென வார்த்த குழாய் தாங்கவே முடியாத அழுத்தத்தை உண்டாக்கிவிடும். குழாய் சிதறினால் அருகில் நிற்பவர் பிழைப்பது அரிது. டப்பா திறக்கப்பட்டிருந்தால், அல்லது தயாரிப்பாளரின் பெயர் அதில் இல்லையென்றால், இலவசமாகத் தந்தாலும் வாங்காதீர்கள்.

மணியின் அளவும் முக்கியம். பொட்டலத்தில் 'எஃப்' என்ற எழுத்து கூடக் கூட மணி நுண்மையாகும்; நுண்மையான மணி விரைவாக எரியும். துப்பாக்கிக்குரிய நுண்மணி மலிவாகக் கிடைத்தது என்று அதைப் பெரிய பீரங்கியில் இடுவது, குழாய்க்கு அது எதிர்பாராத சுமையை ஏற்றுவதாகும்.

பழைய மருந்து வீரியம் இழந்திருக்கும், ஆகவே ஆபத்தில்லை என்ற எண்ணமும் பிழையானது. உலர்ந்திருந்தால் அது எத்தனை ஆண்டானாலும் எரியும். ஈரம் பட்டு மீண்டும் உலர்ந்ததோ, வெடியுப்பு தனியே பிரிந்து கட்டிதட்டிப்போய், எப்படி எரியும் என்று முன்கூட்டியே சொல்ல முடியாததாகிவிடும். அப்பர் புக்கிட் தீமா சாலையில் கிடைத்த 100 கிலோ எடையுள்ள உலகப்போர்க் குண்டை 2023 செப்டம்பரில் அழிப்பதற்கு, அக்கம்பக்கத்தில் ஆயிரக்கணக்கானோரை வெளியேற்ற வேண்டியிருந்ததை நாம் கண்டோம். போர்க்காலப் பொருள் எதையும் பிரித்து மருந்தெடுக்க முயலாதீர்கள். இங்கே அப்படி ஒன்று கண்ணில் பட்டால், தொடாமல் விலகி நின்று 999ஐ அழையுங்கள்.

செலவைக் குறைக்க நேர்மையான வழி ஒன்று உண்டு. ஆபத்தான சரக்கை அனுப்புவதற்கான தனிக்கட்டணம் பெட்டிக்கு இவ்வளவு என்று விதிக்கப்படுவதால், ஒரு பவுண்டு வாங்கினாலும் பெட்டி நிறைய வாங்கினாலும் அதே தொகைதான். எனவே குழுவினர் சேர்ந்து, உரிமம் பெற்ற விற்பனையாளரிடம் முத்திரை பிரியாத டப்பாக்களாகப் பெட்டிக்கணக்கில் வாங்கினால், ஒவ்வொருவருக்கும் விழும் விலை கணிசமாகக் குறையும். சில நாள் மட்டும் போய் வருபவர்களோ தாமாக எதையும் வாங்காமல், தம்மை அழைத்த குழுவின் மருந்தையும் குழுத்தலைவர் சொல்லும் மருந்தளவையுமே ஏற்றுக்கொள்ள வேண்டும்.