எம்.2 எஸ்எஸ்டி வாங்கும் முன் ஸ்லாட்டைப் பாருங்கள்

எம்.2 என்பது எஸ்எஸ்டி எனும் சேமிப்பு அட்டையின் வடிவத்தையும் ஸ்லாட்டையும் குறிக்கும் பெயர்தான், வேகத்தைக் குறிப்பதல்ல. ஒரே வடிவத்தில் சாட்டா என்ற பழைய, மெதுவான இணைப்பில் ஓடும் எஸ்எஸ்டியும் உண்டு, பிசிஐஇ என்ற வேகமான இணைப்பு வழியாக ஓடும் என்விஎம்இ எஸ்எஸ்டியும் உண்டு. சில லேப்டாப்களின் ஸ்லாட் சாட்டாவை மட்டுமே ஏற்கும். அதில் என்விஎம்இ அட்டை கச்சிதமாக உட்கார்ந்தாலும் பயாஸில் (கணினி தொடங்கும்போது திறக்கக்கூடிய அமைப்புத் திரை) அதன் பெயர் வராது. அட்டை நன்றாகவே இருக்கும், ஆனாலும் பழுது என்று கடைக்குத் திருப்பிவிடுவார்கள்.

தங்க நிற முனையில் ஒரு வெட்டு இருந்தால் பெரும்பாலும் என்விஎம்இ, இரண்டு இருந்தால் பெரும்பாலும் சாட்டா. ஆனால் இரண்டு லேன் (தரவு செல்லும் பாதை) மட்டும் உள்ள சில என்விஎம்இ அட்டைகளிலும் இரண்டு வெட்டு இருக்கும். அதனால் வெட்டை நம்பாமல் மதர்போர்டு கையேட்டைப் படியுங்கள். அங்கே 'பிசிஐஇ எக்ஸ்4' (நான்கு லேன் பிசிஐஇ) என்று மட்டும் போட்டிருந்தால் சாட்டா அட்டை அந்த ஸ்லாட்டில் ஓடாது. அடிக்குறிப்பையும் விடாதீர்கள். பல போர்டுகளில் எம்.2 ஸ்லாட்டை நிரப்பினால் ஒன்றிரண்டு சாட்டா போர்ட்டுகள் அணைந்துவிடும். புது அட்டை போட்டதும் பழைய ஹார்ட் டிஸ்க் காணாமல் போனால் முதலில் அதன் கேபிளை வேறு போர்ட்டுக்கு மாற்றிப் பாருங்கள்.

நீளமும் பொருந்த வேண்டும். 2280 என்றால் 22 மி.மீ. அகலம், 80 மி.மீ. நீளம். சிறிய லேப்டாப்களில் 2242 அல்லது 2230தான் நுழையும்.

சாட்டா 3-இன் வேகம் நொடிக்கு 6 கிகாபிட். 8 பிட் தரவை 10 பிட்டாக மாற்றி அனுப்புவதால் உச்சமே 600 எம்பி, கைக்குக் கிடைப்பது சுமார் 550. நான்கு லேன் பிசிஐஇ 3.0-இல் சுமார் 3,500 எம்பி, 4.0-இல் 7,000, 5.0-இல் 14,000 வரை போகும். தலைமுறை மாறினாலும் அட்டை ஓடும்: 4.0 அட்டையை 3.0 ஸ்லாட்டில் போட்டால் 3,500-க்குள் நிற்கும், அவ்வளவுதான். பெரிய வீடியோ கோப்புகளை நாள்தோறும் நகர்த்தாதவர்கள் 5.0-க்குப் பணம் கொட்ட வேண்டாம். அது சூடாகும், சூட்டை வெளியேற்றும் உலோகத் தகடான ஹீட்சிங்க் கட்டாயம். ஹார்ட் டிஸ்க்கிலிருந்து சாதாரண சாட்டா எஸ்எஸ்டிக்கு மாறும்போதுதான் பழைய கணினி உண்மையிலேயே உயிர் பெறுகிறது.

பொருத்தும்போது மின்சாரத்தைத் துண்டியுங்கள். லேப்டாப்பில் பேட்டரி கனெக்டரையும் கழற்றுங்கள். அட்டையைச் சுமார் 30 டிகிரி சாய்வில் முழுவதும் செருகி, மெல்ல அழுத்தி, திருகாணியை முடுக்குங்கள். ஹீட்சிங்க்கின் அடியில் உள்ள பிளாஸ்டிக் தாளை உரிக்க மறந்தால் சூடு வெளியேறாது.

புது அட்டை பயாஸில் தெரிந்து விண்டோஸில் தெரியாவிட்டால், டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் ஜிபிடி என்ற பகுப்பு முறையைத் தேர்ந்து இனிஷியலைஸ் செய்யுங்கள். பழைய முறையான எம்பிஆரைத் தேர்ந்தால் 2 டிபிக்கு மேல் உள்ள இடம் பயன்படாது. விண்டோஸ் நிறுவும்போதே அட்டை தெரியாவிட்டால், புதிய இன்டெல் லேப்டாப்களில் பெரும்பாலும் விஎம்டி (என்விஎம்இ அட்டைகளைக் கையாளும் இன்டெல் அமைப்பு) காரணம். அதற்கான இன்டெல் ஆர்எஸ்டி டிரைவரைப் பென்டிரைவில் வைத்து ஏற்றினால் தெரியும். பயாஸில் விஎம்டியை அணைத்தாலும் தெரியும். ஆனால் ஏற்கெனவே விண்டோஸ் இருக்கும் கணினியில் அதை அணைத்தால் பூட் ஆகாமல் நின்றுவிடலாம்.