ஃபுஜி எக்ஸ்-டி3: ஃபோகஸைக் கட்டைவிரலுக்கு மாற்றுவது எப்படி?

ஷட்டரைப் பாதி அழுத்தினால் ஃபோகஸ், முழுதாக அழுத்தினால் படம். ஒரே பொத்தானுக்கு இரண்டு வேலை. அதனால்தான் ஒவ்வொரு படத்துக்கும் கேமரா முதலிலிருந்து தேடுகிறது. யாராவது குறுக்கே நடந்தால் ஃபோகஸும் அவரோடு போய்விடுகிறது. இந்த இரண்டு வேலைகளையும் பிரித்துவிடலாம். 2018-இல் வந்த ஃபுஜிஃபிலிம் எக்ஸ்-டி3 கேமராவை வைத்துச் சொல்கிறேன்.

1. முதலில் வியூஃபைண்டரை (கண்ணை வைத்துப் பார்க்கும் ஜன்னல்) உங்கள் கண்ணுக்குச் சரிசெய்யுங்கள். பக்கத்தில் இருக்கும் சின்னச் சக்கரத்தைத் திருப்பி, உள்ளே தெரியும் எண்களும் எழுத்துகளும் தெளிவாகும்வரை பாருங்கள். எதிரே உள்ள காட்சியைப் பார்த்துத் திருப்பாதீர்கள். இது சரியாக இல்லையென்றால் மற்ற எதுவும் உதவாது.

2. கேமராவின் முன்பக்கம் எஸ் (ஒருமுறை ஃபோகஸ்), சி (தொடர்ந்து ஃபோகஸ்), எம் (மேனுவல், கையால் ஃபோகஸ்) என்று ஒரு சுவிட்ச் இருக்கும். அதை எம்-மில் வையுங்கள். மேனுவல்தான், பயப்பட வேண்டாம்.

3. பின்னால் இருக்கும் சின்னக் குச்சியால் (ஜாய்ஸ்டிக்) ஃபோகஸ் கட்டத்தை எடுக்க வேண்டிய பொருள்மீது நகர்த்தி, பின்னால் உள்ள ஏஎஃப்-எல் பொத்தானைக் கட்டைவிரலால் அழுத்துங்கள். லென்ஸ் தானாகவே ஃபோகஸ் செய்யும். விரலை எடுத்துவிடுங்கள். இனி ஷட்டரை எத்தனை முறை அழுத்தினாலும் ஃபோகஸ் அசையாது. நீங்களோ பொருளோ இடம் மாறினால் மட்டும் மறுபடி ஒரு அழுத்து. ஓடும் குழந்தையை எடுக்க இது சரிவராது. அப்போது சுவிட்சை சி-க்கு மாற்றிவிட்டுப் பழைய முறையிலேயே எடுங்கள்.

4. ஃபோகஸ் சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்க்க, பின்பக்க டயலை உள்நோக்கி அழுத்துங்கள். கட்டம் இருக்கும் இடம் பெரிதாகத் தெரியும். அதே டயலை அழுத்திப் பிடித்தால் உதவி முறைகள் மாறும். அதில் ஒன்று ஃபோகஸ் பீக்கிங்.

புதிதாக வருபவர்களுக்கு பீக்கிங் ரொம்பப் பிடிக்கும். கூர்மையான ஓரங்களில் நிறம் பூசிக் காட்டுகிறதே! ஆனால் அது உண்மையில் அளப்பது ஒளி-நிழல் வேறுபாட்டைத்தான். சரிகைப் புடவையில் எங்கு பார்த்தாலும் மின்னும். மங்கலான ஒளியில் மென்மையான கன்னத்தில் ஒன்றுமே வராது. 56 எம்எம் லென்ஸில் எஃப்/1.2 (லென்ஸின் துளையை அகலத் திறந்து) வைத்து ஒன்றரை மீட்டர் தூரத்தில் ஒரு முகத்தை எடுக்கிறீர்கள் என்றால், கூர்மையாக விழும் ஆழம் சுமார் 3 சென்டிமீட்டர்தான். கண்ணிமை, மூக்கு இரண்டிலும் நிறம் தெரியலாம். எது உண்மையில் கூர்மை என்பது பெரிதாக்கிப் பார்த்தால்தான் தெரியும். என்னைக் கேட்டால், பீக்கிங் தோராயமாகப் பக்கத்தில் கொண்டுபோக மட்டும். முடிவு செய்ய பெரிதாக்கல். பீக்கிங்கை 'லோ'வில் வைத்து, காட்சியில் இல்லாத நிறமாகத் தேர்ந்தெடுத்தால் தொல்லை குறையும்.

டிஜிட்டல் ஸ்ப்ளிட் இமேஜ் என்று இன்னொரு உதவி முறையும் உண்டு; படத்தின் நடுவைத் துண்டுகளாகக் காட்டும், அவை ஒன்றோடொன்று பொருந்தினால் ஃபோகஸ் சரி. தூண், கதவு, கம்பி போல நேர்க்கோடு இருக்கும் இடத்தில் நன்றாக வேலை செய்யும். மற்றபடி நான் தொடுவதில்லை.

5. மெனுவில் 'ஃபோகஸ் செக்' என்பதை ஆன் செய்துகொள்ளுங்கள். லென்ஸ் வளையத்தைத் திருப்பியதும் படம் தானே பெரிதாகும்; டயலைத் தேட வேண்டாம்.

அப்புறம், சுவிட்சை எஸ்-க்கு மாற்றியும் ஆட்டோஃபோகஸ் வரவில்லையா? கேமரா பழுது என்று கடைக்கு ஓடுவதற்குமுன் லென்ஸைப் பாருங்கள். 16 எம்எம் எஃப்/1.4 போன்ற சிலவற்றில் ஃபோகஸ் வளையத்தைக் கேமராவை நோக்கி இழுத்தால் மேனுவலுக்குப் போய்விடும். முன்னால் தள்ளுங்கள், சரியாகிவிடும்.