புரொபேட் செலவுக்கு அஞ்சி டிரஸ்ட் எழுத வேண்டுமா?

சென்னையில் சொந்த வீடு உள்ளவர் உயில் எழுத உட்கார்ந்தால், "புரொபேட் வாங்கவே பணம் கரைந்துவிடும், வீட்டை டிரஸ்டில் போட்டுவிடுங்கள்" என்று யாராவது சொல்லாமல் இருப்பதில்லை. புரொபேட் என்பது உயில் செல்லும் என்று நீதிமன்றம் தரும் சான்று. டிரஸ்ட் என்பது பயனாளிகளின் நன்மைக்காகச் சொத்தை டிரஸ்டி ஒருவரின் பொறுப்பில் வைக்கும் ஏற்பாடு. அந்த யோசனைக்குத் தலையாட்டும் முன் இன்றைய சட்டநிலையைப் பாருங்கள். 1925-ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம், 213-வது பிரிவின்படி, சென்னை உயர் நீதிமன்றத்தின் அசல் அதிகார எல்லைக்குள், அதாவது அது வழக்குகளை நேரடியாக விசாரிக்கும் சென்னை நகரப் பகுதிக்குள், இருக்கும் வீட்டைப் பற்றி ஓர் இந்து எழுதிய உயிலைக் கொண்டு, புரொபேட் பெறாமல் நீதிமன்றத்தில் உரிமையை நிலைநாட்ட முடியாதிருந்தது. மயிலாப்பூர் வீட்டுக்கு இருந்த இந்தக் கட்டாயம் மதுரை வீட்டுக்கு இல்லை. 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் அந்தப் பிரிவையே நீக்கிவிட்டது.

எனினும் வாரிசுகளிடையே மனக்கசப்பு இருந்தாலோ, வீட்டை வாங்குபவரின் வழக்கறிஞர் கேட்டாலோ, புரொபேட் பெற்றுவிடுவதே நல்லது. சொத்தின் மதிப்பைப் பொறுத்த நீதிமன்றக் கட்டணம், வழக்கறிஞர் கட்டணம், பத்திரிகை அறிவிப்பு ஆகியவை வழக்கமான செலவுகள். எவரேனும் ஆட்சேபித்து மனு வழக்காக மாறினால்தான் செலவு கைமீறும். ஆகவே சிக்கனம் என்பது உயிலைப் பிசகின்றி எழுதுவதில் இருக்கிறது. உயிலில் எழுதியபடி சொத்தைச் சேர்ப்பிக்கும் நிறைவேற்றுநர் ஒருவரைப் பெயர் சொல்லி நியமியுங்கள். புரொபேட் அவருக்குத்தான் கிடைக்கும். பதிவு கட்டாயமில்லை, ஆனாலும் பதிவு செய்யுங்கள்.

சாட்சிகள் இருவர் வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். அவர்களின் வயதைத்தான் யாரும் நினைப்பதில்லை. என் பெரியப்பாவின் உயிலில் கையெழுத்திட்ட இருவரும் அவருடன் காலையில் நடக்கப் போனவர்கள், அவரைவிட மூத்தவர்கள். பீரோவிலிருந்து உயிலை எடுத்தபோது இருவருமே உயிரோடு இல்லை. அவர்களுள் ஒருவருடைய கையெழுத்தை மெய்ப்பிக்க, அவர் மகனிடம் போய், பழைய பென்ஷன் தாள்களைத் தரையில் பரப்பி ஒவ்வொன்றாக ஒப்பிட்டோம். உங்களைவிட இளையவர்களையும், சொத்தில் பங்கு பெறாதவர்களையுமே சாட்சியாக வையுங்கள்.

டிரஸ்டுக்கும் செலவு உண்டு. 1882-ஆம் ஆண்டின் இந்திய டிரஸ்ட் சட்டப்படி, வீட்டை உயிருடன் இருக்கும்போதே டிரஸ்டில் வைக்க எழுதும் பத்திரத்தைப் பதிவு செய்தாக வேண்டும். குடும்பத்தாருக்குள் விலை வாங்காமல் சொத்தை எழுதிக் கொடுக்கும் தான செட்டில்மென்டுக்குத் தமிழ்நாட்டில் முத்திரைத் தீர்வை 1 சதவீதம். 2023 ஜூலையில் அதன் உச்சவரம்பு 40,000 ரூபாயாக உயர்ந்தது. டிரஸ்டுக்கும் அந்தச் சலுகை உண்டென்று நீங்களாக நினைத்துக்கொள்ளாமல், சார்பதிவாளர் அலுவலகத்தில் கணக்கிடச் சொல்லிவிட்டு எழுதுங்கள். ரத்து செய்யும் உரிமையைப் பத்திரத்தில் வைத்துக்கொள்ளாவிட்டால், பின்னால் மனம் மாறினாலும் உங்கள் விருப்பப்படி வீட்டைத் திரும்பப் பெற முடியாது. பயனாளிகளின் பங்கு வரையறுக்கப்படாத டிரஸ்டின் வருமானத்துக்குப் பொதுவாக உச்ச விகிதத்தில் வரி விழும்.

இத்தனைக்கும் பிறகு டிரஸ்ட் அவசியமாகும் இடம் ஒன்று உண்டு: தன் பணத்தைத் தானே பார்த்துக்கொள்ள இயலாத பிள்ளை இருக்கும் வீடு. உங்களுக்குப் பின் அந்தப் பிள்ளையை யார் பார்ப்பார்கள் என்ற கவலைக்கு வெறும் உயில் பதில் சொல்லாது. அப்படிப்பட்ட பிள்ளையின் பெற்றோர் உயில் வழியாகவே டிரஸ்டை ஏற்படுத்தலாம். உங்களை நம்பி வாழும் உறவினருக்காக மட்டும் உயிலில் நீங்கள் ஏற்படுத்தும் ஒரே டிரஸ்டாக அது இருந்தால், உச்ச விகித வரியிலிருந்து விலக்கும் உண்டு. டிரஸ்டி யார், அவருக்கு முடியாமல் போனால் அடுத்தவர் யார், மருந்துக்கும் பராமரிப்புக்கும் எந்த வருமானத்திலிருந்து எடுப்பது, வீட்டை விற்கலாமா, பிள்ளையின் காலத்துக்குப் பின் மிச்சம் யாருக்கு என்பவற்றை ஐயத்துக்கு இடமின்றி எழுதுங்கள். டிரஸ்டியாக இருக்கப்போகிறவரை எதிரில் உட்கார வைத்து, ஒருமுறை முழுவதும் படித்துக் காட்டி, அவர் வாயால் சம்மதம் கேட்ட பிறகே கையெழுத்திடுங்கள்.