முள்ளை இறக்கும் முன்

அக்கா மகன் அமெரிக்காவிலிருந்து திரும்பியபோது, அங்கே பழைய சாமான் விற்பனையில் வாங்கிய ஒரு பெல்ட் டர்ன்டேபிளை, அதாவது ரப்பர் பெல்ட்டால் தட்டு சுற்றும் ரெக்கார்டு பிளேயரை, துணிமணிகளுக்கு நடுவே பொதிந்து கொண்டுவந்தான். 110 வோல்ட் சாதனம் என்று தெரிந்திருந்ததால், ரிச்சி தெருவில் ஒரு ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்பார்மர் வாங்கி மாட்டினான். தட்டு சுற்றியது, பாட்டும் வந்தது. "ஆனா பாடுறவங்க எல்லாரும் தூக்கக் கலக்கத்துல பாடுற மாதிரி இருக்கு மாமா, பெல்ட் போயிடுச்சா?" என்று போனில் கேட்டான்.

பெல்ட்டைக் குறை சொல்வதற்கு முன் எண்ணிப் பார்க்கச் சொன்னேன். சுழல்தட்டின் ஓரத்தில் சின்னதாக ஒரு காகிதத் துண்டை ஒட்டிவிட்டு, எத்தனை சுற்று என்று எண்ண வேண்டும். எல்.பி. ரெக்கார்டின் வேகம் நிமிடத்துக்கு 33⅓ சுற்று. மூன்று நிமிடத்துக்கு நூறு வரவேண்டும். அவனுக்கு வந்தது 83.

டிரான்ஸ்பார்மர் வோல்டேஜைத்தான் குறைக்கும், அலைவெண்ணை, அதாவது மின்சாரம் நொடிக்கு எத்தனை அலை என்ற கணக்கை, தொடாது. அமெரிக்க மின்சாரம் 60 ஹெர்ட்ஸ், நம்முடையது 50. பழைய பெல்ட் டர்ன்டேபிள்கள் பலவற்றில் இருப்பது ஏ.சி. சின்க்ரனஸ் மோட்டார். அது அலைவெண்ணைப் பார்த்துத்தான் ஓடும். ஆறில் ஒரு பங்கு வேகம் போய்விட்டதால், இரண்டரைக் கட்டையில் பாடியவர் ஏறக்குறைய ஒரு கட்டைக்கு இறங்கிவிட்டார். இதற்கு மருந்து புதுப் பெல்ட் அல்ல, மோட்டார் தண்டில் இருக்கும் சின்னக் கப்பி. 50 ஹெர்ட்ஸுக்கான கப்பி, 60-க்கானதைவிட ஐந்தில் ஒரு பங்கு பெரிதாக இருக்கும். டி.சி. அடாப்டரில் ஓடும் புது மாடல்களில் இந்தத் தொல்லை இல்லை. வெளியூரிலிருந்து யாராவது அன்பளிப்பாகக் கொண்டுவந்தால், முதலில் பின்பக்கத்து ஸ்டிக்கரைப் படியுங்கள்.

இன்னொரு தவறு, பெட்டியிலிருந்து எடுத்ததும் அப்படியே ஓடவிடுவது. மேனுவல் டர்ன்டேபிள் என்றால் முள்ளை வைப்பதும் எடுப்பதும் மட்டும் நம் வேலை என்று நினைக்கிறோம். எடை வைப்பதும் மட்டம் பார்ப்பதும்கூட நம் வேலைதான். கொத்தனாரிடம் இருக்குமே ரசமட்டம், அதில் சின்னதாக ஒன்றைச் சுழல்தட்டின் மேல் இரண்டு திசையிலும் வைத்துப் பாருங்கள். மேசைக் காலுக்கு அடியில் அட்டையைச் செருகினாலும் குற்றமில்லை.

அடுத்தது எடை, அதாவது முள் ரெக்கார்டை அழுத்தும் பாரம். நான் பார்த்த வீடுகளில் பாதிக்கு மேல் தப்பு இங்கேதான். முள்ளைத் தாங்கும் நீண்ட கையின் பின்புறம் இருக்கும் எடையைத் திருகும்போது, அதிலுள்ள எண் வளையத்தை 2-இல் கொண்டுவந்து நிறுத்திவிட்டு, 2 கிராம் வைத்தாயிற்று என்று நினைத்துக்கொள்கிறார்கள். அந்த எண்ணுக்கு அப்போது எந்த அர்த்தமும் கிடையாது. முள்ளின் மூடியைக் கழற்றி, ஆன்டி-ஸ்கேட்டை (கை உட்பக்கமாக இழுபடாமல் தடுக்கும் திருகு) பூஜ்யத்தில் வைத்து, முதலில் கையைச் சமநிலைக்குக் கொண்டுவர வேண்டும். பின்புறத்து எடையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருகினால் ஒரு கட்டத்தில் கை மேலும் ஏறாமல் கீழும் இறங்காமல், தராசு போல அந்தரத்தில் நிற்கும். அப்போது எடையை அசையாமல் பிடித்துக்கொண்டு, எண் வளையத்தை மட்டும் பூஜ்யத்துக்குத் திருப்புங்கள். அப்புறம் எடையும் வளையமும் சேர்ந்தே சுழலும்படி, உங்கள் கார்ட்ரிட்ஜுக்கு (முள்ளைப் பிடித்திருக்கும் சின்னப் பெட்டி) உரிய எண் வரும்வரை திருகுங்கள். ஆடியோ-டெக்னிகா விஎம்95இ என்றால் 2 கிராம், ஆர்டோஃபோன் 2எம் ரெட் என்றால் 1.8. ஆன்டி-ஸ்கேட்டும் அதே எண்ணுக்கு. சந்தேகம் இருந்தால், முள்ளின் எடை பார்க்கவென்றே சின்ன டிஜிட்டல் தராசு கிடைக்கிறது.

ரெக்கார்டு தேயுமே என்று பயந்து ஒரு கிராமில் வைப்பவர்கள் இருக்கிறார்கள். நல்ல மனசுதான், ஆனால் கெடுதல் அதிகம். எடை போதாவிட்டால் முள் பள்ளத்தின் சுவரை ஒட்டிப் போகாமல் எகிறி எகிறி விழும். உரத்த இடங்களில் 'ஸ', 'ச' எல்லாம் பொரியும். அந்தப் பொரியலோடு சுவரும் சிதைகிறது, அது திரும்பி வராது. கார்ட்ரிட்ஜ் கம்பெனி சொன்ன வரம்பில், மேல் பக்கமாக வைப்பதே ரெக்கார்டுக்கு நல்லது. இதற்கு நேர் எதிரான பழைய வைத்தியம் ஒன்றும் உண்டு: முள் தாவினால் கையின் தலைப்பகுதியில் காசு வைப்பது. ஒரு ரூபாய் நாணயமே 3 கிராமுக்கு மேல் இருக்கிறது. 2 கிராம் தாங்க வேண்டிய முள்ளின் மேல் 5 கிராம்!

இனி ஒயர் விஷயம். முள்ளிலிருந்து வரும் மின்சாரம் நாலைந்து மில்லிவோல்ட்தான். தவிர, ரெக்கார்டை வெட்டும்போதே கீழ் ஸ்வரங்களைக் குறைத்து, மேல் ஸ்வரங்களைக் கூட்டித்தான் வெட்டுகிறார்கள். இல்லாவிட்டால் மிருதங்கத்தின் தொப்பி ஒவ்வொன்றுக்கும் பள்ளம் அகலமாக வளைந்து, ஒரு பக்கத்தில் நாலு பாட்டுகூட அடங்காது. அதைத் திருப்பிப் போட்டுச் சரிசெய்வதுதான் போனோ பிரீஆம்ப். அது இல்லாமல் நேரே ஆம்ப்ளிபையரின் ஆக்ஸ் துளையில் செருகினால் கொசு பாடுவதுபோல் கேட்கும். இரண்டு முறை சேர்ந்துவிட்டால், அதாவது டர்ன்டேபிளுக்குள்ளேயே இருக்கும் பிரீஆம்பையும் போட்டு, ஆம்ப்ளிபையரின் போனோ துளையிலும் செருகினால், கரகரவென்று உடைந்து அலறும். பின்னால் போனோ, லைன் என்று ஒரு சின்ன ஸ்விட்ச் இருக்கும். பாதி ரிப்பேர் அங்கேயே முடிந்துவிடும். 'உம்ம்' என்று விடாமல் ஒரு இரைச்சல் வந்தால், தனியாகத் தொங்கும் எர்த் ஒயரை ஆம்ப்ளிபையர் திருகில் மாட்டினீர்களா என்று பாருங்கள்.

ஸ்பீக்கரையும் டர்ன்டேபிளையும் ஒரே மேசையில் வைக்காதீர்கள். ஸ்பீக்கரின் அதிர்வு முள்ளுக்கே திரும்பிவந்து மறுபடி ஸ்பீக்கருக்குப் போகும். சோதிக்க ஒரு வழி: மோட்டாரை நிறுத்திவிட்டு, நிற்கும் ரெக்கார்டில் முள்ளை இறக்கி, சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி, மேசையை விரலால் தட்டுங்கள். கதவு தட்டுவதுபோல் ஸ்பீக்கரில் கேட்டால் இடத்தை மாற்றுங்கள்.

பெல்ட்டைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. ரப்பர், அவ்வளவுதான். தலைக்கு எண்ணெய் தேய்த்த கையோடு தொட்டால் வழுக்கும். சுழல்தட்டைக் கையால் பின்னோக்கித் தள்ளி டி.ஜே. வேலை காட்டினால் நழுவும், நீளும். தற்காலிகமாக ரப்பர் பேண்ட் போட்டவர்கள் உண்டு. ரெக்கார்டு தள்ளாடிக்கொண்டே பாடும். சில மாடல்களில் நிமிடத்துக்கு 45 சுற்று வேகத்துக்கு மாற, தட்டைத் தூக்கிப் பெல்ட்டைக் கப்பியின் அடுத்த படிக்கு மாற்ற வேண்டும். ஏழு அங்குல சினிமாப் பாட்டு ரெக்கார்டைப் போட்டு, பாடகிக்கு ஆண் குரல் வந்தால் பயப்பட வேண்டாம்.

முள்ளைச் சுத்தம் செய்ய விரலோ சட்டை நுனியோ ஆகாது. மெல்லிய பிரஷால், பின்னாலிருந்து முன்னால் மட்டும், ரெக்கார்டு ஓடும் திசையிலேயே வருட வேண்டும். பக்கவாட்டில் இழுத்தால் முள்ளைத் தாங்கும் குச்சி வளைந்துவிடும். ஒருமுறை நானே இப்படி வளைத்து, மூன்று வாரம் வேறு முள் வருவதற்காகக் காத்திருந்தேன்.

மேனுவல் ரகத்தில் பக்கம் முடிந்தாலும் கை தானாக எழும்பாது. மதியம் சாப்பிட்டுவிட்டு ரெக்கார்டு போட்டுச் சாய்ந்தால், கடைசிப் பள்ளத்தில் முள் 'டக்... டக்...' என்று சுற்றிக்கொண்டே இருக்கும். ராத்திரி முழுக்க, எட்டு மணி நேரம் அப்படி விட்டால், இருபது நிமிடப் பக்கங்கள் 24 ஓட்டிய தேய்மானம். விஎம்95இ முள்ளின் ஆயுளே 300 மணி நேரம்தான் என்கிறது அதன் கம்பெனி.

ரெக்கார்டுகளை நிற்க வைத்து அடுக்குங்கள். படுக்கையாக அடுக்கினால் அடியில் இருப்பது வளையும். சித்திரை வெயிலில் பூட்டிய காருக்குள் வைத்தால், வீட்டுக்குக் கொண்டுவரும்போது அப்பளம்.

மருமகனுக்குக் கப்பி கிடைத்து, எண்ணி நூறு வந்த மறுநாள் மறுபடி போன். தாத்தாவின் பழைய இசைத்தட்டுகள் ஒரு பெட்டி நிறைய இருக்கின்றனவாம், பூஞ்சை பிடித்திருக்கிறதாம், எல்.பி.க்கு வாங்கிய ஸ்பிரிட் கலந்த திரவத்தால் துடைக்கலாமா என்று கேட்டான். பதறிப்போனேன். அவை 78 சுற்றுத் தட்டுகள், அரக்கில் செய்தவை. தச்சர்கள் அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்துத்தான் மரத்துக்குப் பாலிஷ் போடுகிறார்கள். துடைத்த இடத்தில் பாட்டும் கரைந்து துணியோடு வந்துவிடும். அதோடு அவற்றின் பள்ளம் எல்.பி. பள்ளத்தைவிட இரண்டு மூன்று மடங்கு அகலம். இந்த முள் அடியில் கிடந்து உரசுமே தவிரச் சுவரைத் தொடாது. வேறு முள் வேண்டும், 78 ஓடும் மோட்டாரும் வேண்டும். அவனுடைய டர்ன்டேபிளில் 33-ம் 45-ம்தான். உலர்ந்த பிரஷால் தூசியை மட்டும் தட்டி, தட்டுகளை நிமிர்த்தி வைத்துப் பெட்டியை மூடச் சொல்லியிருக்கிறேன்.