கண்மாய்ச் சேறு தண்ணீருக்கு விடும் பாஸ்பேட்டைக் கணக்கிடும் முறை

மதுரைப் பக்கம் ஒரு கண்மாயில் சாக்கடை வரத்தை அடைத்த பிறகும் தண்ணீர் பச்சை மாறாமல் கிடந்தால், அடியில் கிடக்கும் வண்டலைச் சந்தேகப்படுங்கள். பல வருடம் படிந்த பாஸ்பேட்டை அது மெல்ல மேலே விட்டுக்கொண்டிருக்கலாம். தூர் வாரச் செலவழிக்கும் முன்பே அந்த அளவைக் கணக்கிட்டுவிடலாம்.

மடை அருகே, நடுவில், வரத்துக்கால் வாயில் என்று மூன்று இடம் போதும். 6 செ.மீ. உள்விட்டமும் 50 செ.மீ. நீளமும் உள்ள அக்ரிலிக் குழாயைச் சேற்றில் மெதுவாக இறக்கி, மேல்வாயை ரப்பர் அடைப்பானால் மூடிய பிறகே தூக்குங்கள். தண்ணீருக்குள் இருக்கும்போதே அடிவாயையும் அடைத்துவிடுங்கள். இடத்துக்கு நான்கு குழாய்: இரண்டு அறுக்க, இரண்டு அப்படியே வைக்க. மேல்தண்ணீர் கலங்கியிருந்தால் கொட்டிவிட்டு மறுபடி எடுங்கள். இந்தக் கணக்கு முழுக்க மேல் ஒரு சென்டிமீட்டரை நம்பித்தான் நிற்கிறது.

சேற்றை 1 செ.மீ. துண்டுகளாக அறுப்பதை நைட்ரஜன் நிரப்பிய பைக்குள் செய்யுங்கள். பலரும் கெடுப்பது இங்கேதான். கறுத்த சேறு காற்றுப் பட்டதும் ஓரத்தில் துருப்பழுப்பாக மாறும். கரைந்திருந்த இரும்பு துருவாகி, கூடவே பாஸ்பேட்டையும் பிடித்துக்கொள்ளும். அளந்தால் உள்ளதைவிடக் குறைவாகத்தான் வரும். ஒவ்வொரு துண்டையும் சென்ட்ரிஃபியூஜில் (வேகமாகச் சுழற்றிப் பிரிக்கும் கருவி) சுற்றி, பிரியும் நீரை 0.45 மைக்ரான் ஃபில்டரில் வடித்து, உடனே அமிலம் சேருங்கள்.

புரைமைக்கு (சேற்றின் கன அளவில் நீரின் பங்கு) சேற்றின் இன்னொரு பகுதியை 105 டிகிரியில் எடை மாறாத வரை உலர்த்துங்கள். 30 கிராம் ஈரச்சேறு 9.5 கிராமாக உலர்ந்தால், நீர் 20.5, மண்ணின் கன அளவு 9.5ஐ மண்துகளின் அடர்த்தியான 2.65ஆல் வகுக்க 3.6, புரைமை 20.5ஐ இரண்டின் கூட்டுத்தொகையால் வகுக்க 0.85.

இனி ஃபிக் விதி: செறிவு கூடிய இடத்திலிருந்து குறைந்த இடத்துக்கு ஒரு பொருள் பரவும் அளவு = புரைமை × பரவல் எண் × (செறிவு வித்தியாசம் ÷ ஆழம்). பாஸ்பேட்டின் பரவல் எண் 25 டிகிரியில் சுமார் 7.3×10⁻⁶ ச.செ.மீ./நொடி. சேற்றுக்குள் பாதை வளைந்து போவதால், ஒன்றிலிருந்து புரைமை வர்க்கத்தின் இயல் மடக்கையைக் கழித்து, வரும் 1.325ஆல் வகுக்க வேண்டும்: 5.5×10⁻⁶. மேல்தண்ணீரில் பாஸ்பரஸ் லிட்டருக்கு 0.1 மி.கி., முதல் துண்டிலிருந்து பிரித்த நீரில் (நடு ஆழம் 0.5 செ.மீ.) 1.1 மி.கி. என்று வைத்தால், விடுபடுவது நாளொன்றுக்குச் சதுர மீட்டருக்கு சுமார் 8 மி.கி.

இதை எக்செலில் நாள்கணக்கில் ஓட்ட, சேற்றை 2 மி.மீ. அடுக்குகளாகப் பிரியுங்கள். ஒரு கணக்கீட்டுக்கும் அடுத்ததுக்கும் இடையிலான நேரம் ஒரு மணியைத் தாண்டினால் எண்கள் தாறுமாறாகக் குதிக்கும், அரைமணி வையுங்கள்.

அறுக்காத குழாய்களை இருட்டில், கண்மாய்த் தண்ணீரின் வெப்பத்திலேயே வையுங்கள். மேலே 20 செ.மீ. நீர் இருந்தால், அதில் பாஸ்பரஸ் நாளுக்கு லிட்டருக்கு 0.04 மி.கி. ஏற வேண்டும். அதைவிடப் பல மடங்கு ஏறினால் புழுக்கள் சேற்றைக் கிளறிக்கொண்டிருக்கலாம். குறைந்தால் மேற்பரப்பின் பழுப்புத் தோல் பாஸ்பேட்டைப் பிடித்து வைக்கிறது. மேல்தண்ணீரில் ஆக்சிஜன் தீர்ந்தால் அந்தத் தோலே கரைந்து, அளவு சட்டென்று ஏறும். அதனால் ஒரு குழாயில் மீன்தொட்டி பம்பால் காற்று விட்டும், மற்றதில் விடாமலும் அளந்து, எக்செல் கணக்கில் இரண்டு எண்களையும் தனித்தனியே போடுங்கள்.